எந்த இன்ஜின் நின்றது?

சென்ற மாதப் பதில்களில் இரட்டை இன்ஜின் விமானங்களைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்குத்தான் கடிதங்கள் அதிகம். ஓசூரில் விமான நிலையம் வரப்போகிறது என்று 2024 ஜூன் மாதம் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததிலிருந்தே கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகள் விமானத்தைப் பற்றி விடாமல் கேட்கிறார்கள். ஆகவே இந்த மாதம் இரட்டை இன்ஜின் டர்போபிராப், அதாவது இரண்டு டர்பைன் இன்ஜின்களால் விசிறிகள் சுழலும் விமானம், மட்டும். வழக்கம்போல எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். காவேரிப்பட்டணத்தில் என் வீட்டுத் திண்ணைக்கே வந்து கேட்ட ஒரு கேள்வியும் இதில் உண்டு.

பர்கூர்: டி.ஏ.42 என்ற சிறிய விமானத்தில் இரட்டை இன்ஜின் ரேட்டிங் வாங்கி, தொழில்முறை விமானி லைசென்ஸான சி.பி.எல். முடித்துவிட்டேன். கிங் ஏர் என்ற டர்போபிராப்பும் இரட்டை இன்ஜின்தானே? என் ரேட்டிங் அதற்குச் செல்லாது என்கிறார்கள். அமெரிக்காவில் செல்லும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். எது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் தம்பி. ஆனால் உங்களுக்கு வேண்டியது முதல் பதில்.

கிளாஸ் ரேட்டிங் என்பது ஓர் இனத்துக்குக் கொடுக்கிற அனுமதி. டைப் ரேட்டிங் என்பது ஒரு ரகத்துக்கு, பெயர் சொல்லிக் கொடுக்கிற அனுமதி. மாம்பழம் என்றால் கிளாஸ், பெங்களூரா என்றால் டைப் என்று நம் ஊர்க்காரர்களிடம் சொல்வேன். உலக நாடுகளுக்குப் பொதுவான விதி, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பில் இருக்கிறது. ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானங்களுக்குக் கிளாஸ். குறைந்தது இரண்டு விமானிகள் வேண்டும் என்று சான்று பெற்றவற்றுக்கு டைப். இவை தவிர, அந்தந்த நாட்டு அதிகாரி எந்த விமானத்துக்குத் தேவை என்று நினைக்கிறாரோ அதற்கும் டைப். இந்தக் கடைசி வாசகத்தில்தான் நாடுகள் பிரிந்து போகின்றன.

அமெரிக்கா எடையைப் பார்க்கிறது. புறப்படும்போது 12,500 பவுண்டுக்கு, அதாவது 5,670 கிலோவுக்கு மேல் போகிற விமானத்துக்கு டைப் ரேட்டிங் வேண்டும். ஜெட் என்றால் எடை எவ்வளவானாலும் வேண்டும். கிங் ஏர் 200 சரியாக 12,500 பவுண்டில் நிற்கிறது. ஆகவே அங்கே இரட்டை இன்ஜின் கிளாஸ் ரேட்டிங்கும், உயரத்தில் பறப்பதற்கான பயிற்றுநரின் ஒப்புதல் கையெழுத்தும் இருந்தால் சட்டம் தடுக்காது. அதே குடும்பத்தில் சற்று நீண்ட கிங் ஏர் 350-இன் எடை 15,000 பவுண்டு. அதற்கு டைப் ரேட்டிங் கட்டாயம். உங்கள் நண்பர் சொன்னது இதைத்தான்.

ஐரோப்பா எடையைப் பார்க்காமல் இன்ஜினைப் பார்க்கிறது. இரட்டை இன்ஜின் பிஸ்டன் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே கிளாஸ் ரேட்டிங். ஒற்றை டர்போபிராப் கூட கிளாஸில் வந்துவிடும். இரட்டை டர்போபிராப் என்றால் எவ்வளவு சிறியதானாலும் டைப் ரேட்டிங்தான். முதன்முதலாக இரட்டை இன்ஜின் ரேட்டிங் கேட்பவர் அதற்கு முன்பே 70 மணி நேரம் தானே பொறுப்பேற்றுப் பறந்திருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

இந்தியாவில் விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. உங்கள் லைசென்சில் விமானத்தின் ரகத்தைப் பெயரோடு ஏற்றும். கிங் ஏர் அதில் ஏறாதவரை நீங்கள் கிங் ஏர் ஓட்ட முடியாது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சி.பி.எல். வைத்திருப்பவர் 5,700 கிலோவுக்கு மேற்படாத விமானத்தில்தான் கேப்டன் இருக்கையில் அமரலாம். அதற்கு மேல் அடுத்த படி லைசென்ஸான ஏ.டி.பி.எல். வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம் வேண்டும். கோ-பைலட்டாக அமர சி.பி.எல். போதும். இந்த 5,700 எவ்வளவு பெரிய வேலி என்பதற்கு ஓர் உதாரணம்: அரசு நிறுவனமான எச்.ஏ.எல். தயாரிக்கும் இந்துஸ்தான் 228 விமானத்தில், 19 பயணிகளை அப்படியே வைத்துக்கொண்டு, புறப்படும் எடையை 5,695 கிலோவாகக் குறைத்த ஒரு வடிவத்துக்கு 2023-இல் ஒப்புதல் வாங்கினார்கள். சி.பி.எல். விமானிகளே அதை ஓட்டலாம் என்பது அந்த மாற்றத்தின் நோக்கங்களில் ஒன்று. ஐந்து கிலோ வித்தியாசத்தில் விமானி கிடைப்பதும் கிடைக்காததும் மாறுகிறது.

ஆனால் தம்பி, சட்டத்தில் இடம் இருப்பதால் மட்டும் கை பழகிவிடாது. நீங்கள் பழகிய டி.ஏ.42 டர்பைன் எரிபொருளில் ஓடுகிறது. ஆனாலும் உள்ளே இருப்பது பிஸ்டன் இன்ஜின். ஓர் இன்ஜினுக்கு ஒரே லீவர். இன்ஜினை அணைத்தால் விசிறி தானாகவே காற்றுக்கு விளிம்பைத் திருப்பிக்கொள்ளும். கிங் ஏரில் உங்கள் கையருகே இருப்பது மூன்று ஜோடி லீவர், மொத்தம் ஆறு. அமெரிக்காவிலேயே மிட்சுபிஷி எம்.யு.-2 என்ற சிறிய இரட்டை டர்போபிராப்புக்கு எடையின்படி டைப் ரேட்டிங் தேவைப்படவில்லை. விபத்துக்கு மேல் விபத்து நடந்து, கடைசியில் 2008-இல் அந்த ஒரு ரகத்துக்கென்றே தனிப் பயிற்சி விதி போட வேண்டியிருந்தது.

பென்னாகரம்: பள்ளி ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: ஓர் இன்ஜின் நின்றால் இன்னொன்று இருக்கிறதே, பிறகு என்ன பயம்?

பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லுங்கள் டீச்சர். நல்ல கேள்வி. பைலட் பயிற்சிக்கு வரும் பாதிப் பேர் இதைக் கேட்பதில்லை.

உங்கள் பக்கம் இன்னும் மாட்டு வண்டி இருக்கும். நுகத்தில் இரண்டு மாடு. இடத்து மாடு கால் மடங்கி விழுந்துவிட்டது, வலத்து மாடு இழுத்துக்கொண்டே இருக்கிறது. வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று கேளுங்கள். இடது பக்கம் என்று சட்டென்று சொல்வார்கள். விமானமும் அப்படித்தான். நின்றுபோன இன்ஜின் இருக்கும் பக்கமாக மூக்கு திரும்பும். திரும்பினால் அந்தப் பக்க இறக்கை தாழும். விமானி எதிர்ப்பக்கக் காலால், மூக்கைத் திருப்பும் வால் தகடான ரட்டரின் பெடலை முழு பலத்தோடு மிதித்து மூக்கை நேராக நிறுத்த வேண்டும்.

வண்டிக்கும் விமானத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வண்டிக்காரர் நிறுத்திவிடலாம். விமானம் வேகத்தை இழக்கக் கூடாது, ஏனென்றால் வாலில் இருக்கும் ரட்டருக்குப் பலம் கொடுப்பதே அந்தக் காற்றுதான். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால், எவ்வளவு மிதித்தாலும் மூக்கு நேராகாது. சிறிய இரட்டை இன்ஜின் விமானங்களின் வேகமானியில் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். ஒற்றை இன்ஜினில் நன்றாக மேலேற உதவும் வேகத்தில் நீலக் கோடு. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில்தான் ஒரு விமானியின் பயிற்சி முழுவதும் இருக்கிறது.

இன்னொரு செய்தி அவர்களுக்கு வியப்பாக இருக்கும். சிறிய பிஸ்டன் விமானத்தில் இரண்டில் ஓர் இன்ஜின் போனால் சக்திதான் பாதியாகும். மேலே ஏறும் திறனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். நேராகப் பறப்பதற்கே பெரும்பகுதி சக்தி செலவாகிறது, ஏறுவதற்கு மிஞ்சுவது உபரிதான். உபரியிலிருந்துதான் முதலில் கழியும்.

விசிறி இரண்டும், விமானி இருக்கையிலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றினால், இடது இன்ஜின் நிற்பதுதான் அதிக ஆபத்து. மூக்கைத் தூக்கிப் பறக்கும்போது கீழிறங்கும் இதழ் அதிகமாக இழுக்கும். அது ஒவ்வொரு விசிறிக்கும் வலப்பக்கத்து இதழ். வலது இன்ஜினின் வலப்பக்கம் விமானத்தின் நடுவிலிருந்து தூரத்தில் இருக்கிறது, ஆகவே இடது நின்று வலது மட்டும் இழுத்தால் மூக்கு அதிகப் பலத்தோடு திரும்பும். நெம்புகோல் பாடம் நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

திண்ணையில் கேட்டது: விசிறியை ஃபெதர் செய்வது என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு பயிற்சி?

கேட்டவர் கிருஷ்ணகிரி அணைப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர், பயிற்சிப் பள்ளியில் பாதிப் படிப்பில் இருக்கிறார். அவருக்கு வாயால் சொல்லவில்லை. என்னிடம் ஒரு மரப்பலகை இருக்கிறது. எங்கள் ஊர் ஆசாரி வேப்பமரத்தில் செய்து கொடுத்தது. அதில் மூன்று ஜோடி கட்டைகள் முன்னும் பின்னும் நகரும். சக்திக்கு ஒரு ஜோடி, விசிறிக்கு ஒரு ஜோடி, எரிபொருளுக்கு ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியின் தலையும் வேறு வடிவம், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே தெரிய வேண்டும் என்பதற்காக. அவரை உட்கார வைத்துக் கண்ணைத் துண்டால் கட்டினேன். "இடது இன்ஜின் நின்றுவிட்டது" என்றேன். வாய் "இடது" என்றது, கை வலது விசிறிக் கட்டையைப் பிடித்தது. மூன்றாவது தடவைதான் கையும் வாயும் ஒன்றாக வந்தன. அவரைக் குறை சொல்லவில்லை. நான் மாணவனாக இருந்தபோது இதையேதான் செய்தேன், அதுவும் வானத்தில். பயிற்றுநர் வரைபடத்தால் லீவர்களை மறைத்துக்கொண்டு ஒன்றை இழுத்துவிட்டார். வலது கால் முழுதாக மிதித்திருக்க, வேலையில்லாமல் இருந்த என் இடது கால், நின்றது இடது இன்ஜின் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் என் கை வலப்பக்கம் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பிடியை இன்றும் உணர்கிறேன்.

ஃபெதர் என்பது இதுதான்: நின்றுபோன இன்ஜினின் விசிறி காற்றுக்கு அகலப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தால், அது வாசலில் விரித்து நிறுத்திய முறம் போல் காற்றைத் தடுக்கும். இதழ்களைத் திருப்பி, விளிம்பைக் காற்றுக்குக் காட்டினால் தடை போய்விடும். டர்போபிராப்பில் இது இன்னும் கூடுதல் முக்கியம். நான் முதலில் ஓட்டிய டோர்னியர் 228-இல் கேரட் இன்ஜின். விசிறியும், காற்றை அழுத்தும் கம்ப்ரஸரும், டர்பைனும் பல்சக்கரங்களால் ஒரே தண்டில் பிணைந்தவை. இன்ஜின் நின்றால் சுழலும் விசிறி அந்தப் பாரம் முழுவதையும் சுழற்றப் பார்க்கும், விமானத்தையே பிடித்து இழுக்கும். அதைத் தணிக்கத் தானியங்கி அமைப்பு உண்டு என்றாலும் கை தயாராக இருக்க வேண்டும். கிங் ஏரில் இருக்கும் பி.டி.6 இன்ஜினில் விசிறியைச் சுற்றும் டர்பைன் தனி, காற்றழுத்தும் பகுதி தனி. இரண்டுக்கும் நடுவில் இரும்புத் தொடர்பு கிடையாது, சூடான காற்றுதான் தொடர்பு. நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தைப் பார்த்தாலே இது தெரியும். பி.டி.6 என்றால் இதழ்கள் விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். கேரட் என்றால் அகலத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அடுத்தமுறை விமான நிலையத்தில் கவனியுங்கள்.

எவ்வளவு பயிற்சி என்று கேட்டீர்கள். 2015 பிப்ரவரி 4-ஆம் தேதி தைபேயிலிருந்து கிளம்பிய ஏ.டி.ஆர். 72-600 என்ற பயணிகள் டர்போபிராப் விமானத்தில், தானியங்கி ஃபெதர் அமைப்பில் ஏற்பட்ட கோளாறால் வலது இன்ஜினின் விசிறி தானாக ஃபெதர் ஆகிவிட்டது. இடது இன்ஜின் நன்றாக ஓடியது. கேப்டன் அந்த நல்ல இன்ஜினின் சக்தியைக் குறைத்து, பிறகு அதையே நிறுத்திவிட்டார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 15-ஆம் தேதி நேபாளத்தின் போகராவில் இறங்க வந்த ஏ.டி.ஆர். 72-இல், இறக்கையின் பின்தகடான ஃபிளாப்பின் லீவரை நகர்த்த வேண்டிய இடத்தில், பக்கத்திலிருந்த, விசிறியையும் எரிபொருளையும் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்கள் இரண்டும் பின்னால் இழுக்கப்பட்டன. இரண்டு விசிறியும் ஃபெதர் ஆயின. இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தும் இழுவை இல்லை. 72 பேரும் போய்விட்டார்கள். இரண்டு விமானத்திலும் டைப் ரேட்டிங் உள்ளவர்கள்தான் இருந்தார்கள். அதனால்தான் நான் "ரேட்டிங் வாங்கிவிட்டேன்" என்று சொல்லும் பிள்ளைகளிடம் "கடைசியாக எப்போது கையை வைத்துப் பழகினாய்?" என்று கேட்கிறேன்.

எந்த இன்ஜின் நின்றது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பார்த்து ஆமாம் சொல்ல வேண்டும். அந்த இன்ஜினின் சக்தி லீவரை மெல்லப் பின்னுக்கு இழுத்து, விமானத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் ஃபெதர். இதற்குச் சில வினாடிகள் ஆகும். அந்த வினாடிகள் இருக்கின்றன, நம்புங்கள். அவசரத்தில் இழப்பது அதைவிட அதிகம்.

அரூர்: என் மகன் சி.பி.எல். முடித்து ஒன்பது மாதம் ஆகிறது. வேலை இல்லை. வெளிநாட்டில் இரட்டை டர்போபிராப் டைப் ரேட்டிங் முடித்து வந்தால் உடனே வேலை என்று ஒருவர் சொல்கிறார். இரண்டு ஏக்கர் நிலத்தை விற்கலாம் என்றிருக்கிறேன். செய்யலாமா?

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நிலத்தை விற்காதீர்கள். இப்போதைக்கு விற்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். என் தங்கை மகனுக்கு இதேபோல் ஒருவர் சொன்னார். வெளிநாட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஒரு டர்போபிராப் ரகத்துக்கு ரேட்டிங் வாங்கினான். நன்றாகப் படித்தவன், தரையிலேயே பறப்பதைப் பழக்கும் சிமுலேட்டரில் குறை சொல்ல முடியாதபடி ஓட்டினான். திரும்பி வந்தபோது அந்த ரகத்தை வைத்திருந்த நிறுவனம் அதைக் கைவிட்டிருந்தது. இங்கே வேறு யாரிடமும் அந்த ரகம் இல்லை. சொன்னவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு வருடத்தில் ரேட்டிங்கின் காலமும் முடிந்தது. வேறொரு ரகத்துக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவன் அம்மா இன்னும் அந்தக் கடனைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. நான் இத்தனை வருடம் இந்தத் துறையில் இருந்தும் அவனைத் தடுக்கவில்லை. அந்த வருத்தத்தோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

டைப் ரேட்டிங் என்பது ஒரு ரகத்துக்கு மட்டும் பொருந்துகிற சாவி. பூட்டு இல்லாமல் சாவி செய்யக் கூடாது. எந்த விமான நிறுவனம் எந்த ரகத்துக்கு ஆள் எடுக்கிறது என்பது தெரிந்து, அவர்களே எழுத்தில் வேலைக் கடிதம் கொடுத்த பிறகு செய்கிற ரேட்டிங் வேறு. ஒரு தரகர் வாய்ச்சொல்லில் செய்கிற ரேட்டிங் வேறு. பல நிறுவனங்கள் ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு, தாங்களே ரேட்டிங் கொடுத்து, அதற்கு ஈடாகச் சில வருட ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றன. அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையும் வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.

அப்படியும் பணம் கட்டத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், மகனிடம் இவற்றைக் கேளுங்கள். அந்தப் பயிற்சி நிலையத்தையும் அந்த சிமுலேட்டரையும் நம் டி.ஜி.சி.ஏ. ஏற்றுக்கொள்கிறதா? அந்த ரகத்தை இந்தியாவில் இன்று யார் பறக்க விடுகிறார்கள்? சிமுலேட்டரோடு முடிகிறதா, உண்மையான விமானத்தில் தரையிறக்கங்களும் உண்டா? அதற்கு விமானத்தை யார் கொடுப்பார்கள்? சிமுலேட்டர் முடித்த புதியவர், அனுபவமுள்ள பயிற்சி கேப்டனோடு பயணிகள் விமானத்தில் பல நாள் பறந்த பிறகுதான் முழு கோ-பைலட் ஆகிறார். அந்தக் கடைசிப் படியை எந்தப் பயிற்சி நிலையத்தாலும் விற்க முடியாது, விமான நிறுவனத்தால் மட்டுமே கொடுக்க முடியும். தரகர்கள் இதைச் சொல்வதே இல்லை.

மகன் இந்த ஒன்பது மாதத்தில் எத்தனை மணி நேரம் பறந்தான் என்று எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியாகாமல் இருக்கிறதா பாருங்கள். ஒரு ஃபிளையிங் கிளப்பில் உதவிப் பயிற்றுநர் ரேட்டிங் செய்ய முடியுமா என்று விசாரிக்கட்டும். செலவு டைப் ரேட்டிங்கைவிடப் பல மடங்கு குறைவு, மணி நேரம் சேரும், கற்றுக்கொடுக்கும்போது நாமும் படிப்போம். நானும் அந்த வழியாக வந்தவன்தான். ஏ.டி.பி.எல். எழுத்துத் தேர்வுகளையும் இப்போதே எழுதத் தொடங்கலாம். அதற்கு நிலம் தேவையில்லை.

மகனை ஒருநாள் காவேரிப்பட்டணத்துக்கு அனுப்புங்கள் ஐயா. தரகர் கொடுத்த தாள்களையும் எடுத்துவரச் சொல்லுங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்போம்.

தேன்கனிக்கோட்டை: பேளகொண்டப்பள்ளியில் ஒரு காலத்தில் விமானம் தயாரித்தார்கள் என்று என் தாத்தா சொல்கிறார். உண்மையா? அது டர்போபிராப்பா?

தாத்தா சொல்வது உண்மை. ஓசூருக்குத் தெற்கே உள்ள அந்த விமானத் தளத்தில் தனேஜா நிறுவனம், இத்தாலியின் பார்டெனாவியா வடிவமைத்த பி.68சி விமானத்தைத் தயாரித்தது. ஆறு இருக்கை, மேலிறக்கை, ஒவ்வொன்றும் 200 குதிரைசக்தி கொண்ட இரண்டு லைகமிங் பிஸ்டன் இன்ஜின். டர்போபிராப் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வி இந்த மாதப் பேச்சோடு அழகாகச் சேருகிறது. இதே பி.68-ஐ நீட்டி, பிஸ்டன் இன்ஜின்களை எடுத்துவிட்டு, இரண்டு அலிசன் டர்பைன்களைப் பொருத்தி, வியாட்டர் என்று ஒரு விமானத்தை இத்தாலியில் செய்தார்கள். ஒரே குடும்பம், இறக்கையும் ஒரே சாயல். ஐரோப்பிய விதிப்படி பி.68 ஓட்டக் கிளாஸ் ரேட்டிங் போதும். வியாட்டர் ஓட்டத் தனி டைப் ரேட்டிங். அண்ணன் தம்பிதான், ஆனால் இன்ஜினைத் தொடங்கும் முறையிலிருந்தே பிரிந்துவிடுகிறார்கள். பிஸ்டன் இன்ஜின் சரியாகப் பிடிக்காவிட்டால் இன்னொரு தடவை முயலலாம். டர்பைனில் போதிய சுழற்சி வருவதற்குள் எரிபொருளை விட்டுவிட்டால், வெப்பமானி சில வினாடிகளில் எல்லையைத் தாண்டும், உள்ளிருக்கும் இதழ்கள் கருகும். விமானம் நகரவே இல்லை, அதற்குள் பெரும் செலவு.

இந்தியாவே வடிவமைத்த இரட்டை டர்போபிராப் ஒன்றும் நமக்குப் பக்கத்தில்தான் பிறந்தது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தின் சரஸ். 2004 மே 29-இல் முதலில் பறந்தது. விசிறிகள் வாலருகே பின்னோக்கித் தள்ளும் அமைப்பு. 2009 மார்ச் 6-இல், இன்ஜினை வானத்திலேயே நிறுத்தி மறுபடி இயக்கும் சோதனையின்போது, அதன் இரண்டாவது மாதிரி பிடதி அருகே விழுந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். சோதனை விமானிகளைப் பற்றித் தாத்தாவிடம் சொல்லும்போது இவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தருமபுரி: சேலம் காமலாபுரத்தில் இறங்கும் ஏ.டி.ஆர். 72-ஐப் பார்த்தேன். ஏ.டி.ஆர். 42 ஓட்டியவர் அதை ஓட்டலாமா? இன்னொன்று: இன்ஜின் சத்தம் கேட்கிறது, விசிறி சுற்றவில்லை. பழுதா?

42, 72 இரண்டுக்கும் ஒரே டைப் ரேட்டிங்தான். வேறுபாடுகளுக்கென்று ஒரு சிறு பயிற்சி உண்டு. பழைய முள் காட்டும் கருவிகளிலிருந்து 600 வரிசையின் திரைகளுக்கு மாறுபவருக்கு அது கொஞ்சம் பெரிய பயிற்சி.

பழுது இல்லை. ஏ.டி.ஆரில் மின்சாரத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் தனியாகச் சிறு டர்பைன் கிடையாது. வலது இன்ஜினின் விசிறியை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்துவிட்டு இன்ஜினை ஓடவிடுவார்கள். அதை ஹோட்டல் மோட் என்பார்கள். நான் மேலே சொன்ன, இரும்புத் தொடர்பு இல்லாத டர்பைன் என்பதால்தான் இது முடிகிறது.

பாலக்கோடு: டைப் ரேட்டிங் எத்தனை நாள் செல்லும்?

ஐரோப்பாவில் இரட்டை இன்ஜின் என்றால் கிளாஸானாலும் டைப்பானாலும் ஒரு வருடம். ஒற்றை இன்ஜின் கிளாஸ் மட்டும் இரண்டு வருடம். இந்தியாவில் தேர்ச்சிச் சோதனைகளை உரிய காலத்தில் முடித்து, அண்மையில் பறந்த அனுபவத்தையும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விமான நிறுவன விமானிகள் வருடத்தில் இரண்டு தடவை சிமுலேட்டருக்குப் போவது வழக்கம். இன்ஜின் நிற்பது ஒவ்வொரு தடவையும் அங்கே உண்டு.

ஊத்தங்கரை: பிளஸ் ஒன் படிக்கிறேன், கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவு. கண்ணாடி போட்டிருக்கிறேன். ஏ.டி.ஆர். ஓட்ட ஆசை. இப்போது என்ன செய்ய வேண்டும்?

சரியான பிரிவில்தான் இருக்கிறாய் கண்ணு. அந்த இரண்டு பாடத்தையும் விட்டுவிடாதே. சி.பி.எல். வாங்க 18 வயதும் 200 மணி நேரப் பறத்தலும் வேண்டும். ஏ.டி.ஆர். எல்லாம் அதற்குப் பிறகு. வானிலையியல், வழிசெலுத்தல், விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் நூற்றுக்கு 70 எடுத்தால்தான் தேர்ச்சி. வானிலைப் பாடத்தை இப்போதே நீயே படிக்கலாம். உன் பூகோளப் புத்தகத்தில் பாதி இருக்கிறது.

கண்ணாடிக்காகக் கலங்காதே. கண்ணாடியோடு பார்வை முழுமையாக வந்தால் அது தடை இல்லை. நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதைத்தான் உன்னிப்பாகச் சோதிப்பார்கள். அப்பாவிடம் சொல்லி, பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்பே மருத்துவச் சோதனையை முடித்துவிடு. முதலில் வகுப்பு 2 என்ற சோதனை, அதை டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவரே செய்வார். பிறகு வகுப்பு 1. போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போ. பவர் எத்தனை வருடமாக மாறவில்லை என்று கேட்பார்கள்.